மூளையும் தண்டுவடமும் காயப்பட்டால் நரம்புகள் மீண்டும் வளர்வது ஏன் கடினம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரலில் கத்தி பட்டு நரம்பு அறுந்தால், அதைத் தைத்துவிட்டுச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பக்கூடும் என்று மருத்துவர் நம்பிக்கையோடு சொல்கிறார். விபத்தில் தண்டுவடம் நசுங்கியவரின் குடும்பத்தாரிடம் அப்படிச் சொல்ல எந்த மருத்துவரும் துணிவதில்லை. இரண்டுமே நரம்புதான் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கும் அதை ஒட்டி எழும் மற்றக் கேள்விகளுக்கும் இங்கே விடை தர முயன்றிருக்கிறோம்.

மைய நரம்பு மண்டலம், புற நரம்பு மண்டலம் என்று பிரித்துப் பேசுவது ஏன்?

காயத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை அந்த எல்லைக்கோடே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூளை, தண்டுவடம், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு ஆகிய மூன்றும் மைய மண்டலத்தைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து வெளியேறிக் கை, கால், முகம், உள்ளுறுப்புகள் ஆகியவற்றுக்குச் செல்பவை புற நரம்புகள்.

ஒரு நரம்பணுவுக்கு உட்கரு அமைந்த உடலும், அதிலிருந்து நீளும் ஆக்சான் என்ற மெல்லிய இழையும் உண்டு. காலை அசைக்கும் கட்டளையை மூளையின் மேற்பரப்பிலிருந்து இடுப்பளவுத் தண்டுவடம் வரை கொண்டுசெல்லும் ஓர் ஆக்சான் அரை மீட்டருக்கும் மேல் நீளமானது. அதன் பின் வேறொரு நரம்பணு அந்தக் கட்டளையை வாங்கித் தசைக்குக் கொண்டுசெல்கிறது. முதலாமது மைய மண்டலத்துக்குள்ளேயே அடங்குவது. இரண்டாவதன் ஆக்சான் வெளியே வந்துவிடுகிறது.

முதுகெலும்பில் பட்ட அடியெல்லாம் தண்டுவடக் காயம் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வளர்ந்தவர்களில் தண்டுவடம் முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே முதுகெலும்பின் கால்வாயில் இருப்பவை நரம்பு வேர்கள். அவை புற மண்டலத்தின் இயல்பு கொண்டவை என்பதால் அங்கே ஏற்படும் காயத்தின் போக்கு வேறு.

புற நரம்பு அறுந்தால் அது எப்படி மீண்டும் வளர்கிறது?

அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள இழைப்பகுதி, அணுவுடலிலிருந்து பிரிந்துவிட்டதால் சிதைகிறது. இதை 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டு விவரித்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் அகஸ்டஸ் வாலர். புற நரம்பில் இந்தச் சிதைவு ஒரு துப்புரவுப் பணியாக விரைந்து நடக்கிறது. இழையைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள், இழையைப் போர்த்திச் செய்தி விரைந்து செல்ல உதவும் மயலின் என்ற கொழுப்பு உறையைக் கைவிட்டு, முதிராத பழைய நிலைக்குத் திரும்பிப் பெருகுகின்றன. இரத்தத்திலிருந்து வரும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களோடு சேர்ந்து அவை சில வாரங்களில் குப்பையை அகற்றி, பழைய நரம்பின் குழாய்க்குள் வரிசையாக நின்று, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. மேல் முனையிலிருந்து கிளம்பும் புதிய இழை அந்த வரிசையைப் பற்றிக்கொண்டு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில் முன்னேறுகிறது.

இதுவும் குறைவற்ற ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். தோளுக்கருகே அறுந்த நரம்பு விரல்வரை போய்ச்சேர ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் கையின் சிறு தசைகள் மெலிந்து, நரம்பை ஏற்கும் திறனை இழந்துவிடக்கூடும். புற நரம்பிலேயே தூரம் இவ்வளவு பெரிய தடையாக இருக்கிறது என்பதை, தண்டுவடம் குறித்த வாக்குறுதிகளைக் கேட்கும்போது மறக்கலாகாது.

மூளைக் காயமும் தண்டுவடக் காயமும் ஒரே வகைச் சிக்கலா?

இல்லை. மூளையில் பலமான அடியோ பக்கவாதமோ ஏற்படும்போது, அந்த இடத்தில் இருக்கும் நரம்பணுக்களின் உடல்களே அழிகின்றன. மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், ஒருமுறை முதிர்ந்த பின் செல்பிரிவில் ஈடுபடுவதில்லை. வளர்ந்தவர்களின் மூளையில், நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றனவா என்பது குறித்து 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள் நேர் எதிரான முடிவுகளைச் சொல்லின. விவாதம் இன்னும் ஓயவில்லை. அங்கே அவை பிறந்தாலும், அழிந்துபோன வேறொரு பகுதியை அவை ஈடுசெய்யப் போவதில்லை.

தண்டுவடத்தில் நிலைமை வேறு. காயம்பட்ட இடத்தில் சில நரம்பணுக்கள் அழிவது உண்மைதான். ஆனால் உடல் செயலிழப்புக்குப் பெருங்காரணம், அவ்வழியே மேலும் கீழும் ஓடும் நீண்ட இழைகள் அறுபடுவதே. அந்த இழைகளுக்குரிய அணுவுடல்கள் எங்கோ தொலைவில், மூளையின் மேற்பரப்பிலும் மூளைத்தண்டிலும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. மீளுருவாக்க ஆய்வுகள் பலவும் தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் தேர்ந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்: செல்லைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை, இருக்கிற செல்லை வளரச் செய்தால் போதும் என்ற நிலை அங்கே இருக்கிறது. ஆனால் இழை அணுவுடலுக்கு அருகிலேயே அறுந்தால் அந்தச் செல் பிழைப்பது அரிது. எலியின் பார்வை நரம்பை நசுக்கினால், விழித்திரையில் உள்ள அதன் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை சில வாரங்களில் இறந்துவிடுகின்றன.

அடிபட்ட கணத்தில் ஏற்படும் சேதம் மட்டும்தானா?

அதற்குப் பின் வரும் மணிகளும் நாள்களும் அடியைக் காட்டிலும் அதிகமாகக் கெடுக்கக்கூடும். 1911இல் ஆல்ஃப்ரெட் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர், நாய்களின் தண்டுவடத்தின்மீது எடையை விழச்செய்து ஆராய்ந்தபோது, உள்ளே தேங்கிய இரத்தத்தையும் திரவத்தையும் வெளியேற்றினால் பாதிப்பு குறைவதைக் கண்டார். அடிக்குப் பிறகு உள்ளிருந்தே ஏதோ ஒன்று சேதத்தை வளர்க்கிறது என்ற எண்ணத்துக்கு அதுவே தொடக்கம்.

இன்று அந்தத் தொடர்நிகழ்வு ஓரளவு தெளிவாகியிருக்கிறது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் உடைந்து திசுவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் குளுடமேட் என்ற வேதிப்பொருள் சிதைந்த செல்களிலிருந்து பெருமளவில் வெளியேறி, அருகில் உள்ள நல்ல செல்களுக்குள் கால்சியத்தை அளவுமீறிப் பாயச்செய்து அவற்றையும் கொல்கிறது. வீக்கமும் அழற்சியும் எலும்புக் கால்வாய்க்குள் அழுத்தத்தை உயர்த்துகின்றன. மயலின் உறையைத் தரும் ஒலிகோடென்ட்ரோசைட் செல்கள், காயத்திலிருந்து தள்ளியிருக்கும் இடங்களிலும் வாரக்கணக்கில் இறந்துகொண்டிருக்கின்றன. இறுதியில் நடுவே திரவம் நிறைந்த வெற்றிடம் எஞ்சுகிறது. வளரும் இழைக்குப் பற்றிக்கொள்ள ஒரு தளம் வேண்டும். வெற்றிடத்துக்குள் அது வளராது.

தண்டுவடத்தை அழுத்தும் எலும்பையோ முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டையோ கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து விலக்க வேண்டும் என்று இன்று வலியுறுத்தப்படுவதும், இரத்த அழுத்தம் தாழாமல் காக்கப்படுவதும் இந்தக் காரணத்தால்தான். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. பயன் சிறிது, தொற்று முதலிய பக்கவிளைவுகள் பெரிது என்று பின்னர் கருதப்பட்டதால், இன்று அதை எல்லாருக்கும் கொடுப்பதில்லை.

அறுந்த வயரை இணைப்பதுபோல் தண்டுவடத்தைத் தைத்துவிட முடியாதா?

வயரில் செம்பும் செம்பும் தொட்டால் மின்சாரம் ஓடும். நரம்பிழையில் அப்படி இல்லை. அறுந்ததன் கீழ்ப்பகுதி சில நாள்களில் இறந்துவிடுவதால், அதனோடு மேல்முனையை ஒட்டவைப்பதில் பொருளில்லை. புற நரம்பைத் தைக்கும்போதும் அறுவை மருத்துவர் இணைப்பது வெளியுறையைத்தான். இழை புதிதாக வளர்ந்து அதன் வழியே போக வேண்டும். தவிர, விபத்துகளில் தண்டுவடம் இரண்டாக அறுபடுவது குறைவு. பெரும்பாலும் அது நசுங்கி, விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் அறுபடாமல் எஞ்சுகிறது. எஞ்சிய அந்த வளையத்தை அறுத்துவிட்டுத் தைப்பதைவிடப் பெரிய தீங்கு இருக்க முடியாது.

மைய நரம்புகள் வளரா என்று முதலில் சொன்னவர் யார்?

மருத்துவர்கள் அதை மிகப் பழங்காலத்திலேயே கண்டிருந்தார்கள். பொதுக்காலத்துக்கு முன் 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்று, கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்விழந்தவரின் நிலையை விவரித்துவிட்டு, இது மருத்துவம் செய்யத்தக்கதன்று என்று முடிக்கிறது.

நுண்ணோக்கியின் வழியே அதைக் கண்டு விளக்கியவர் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1906இல் நோபல் பரிசு பெற்ற இவர், அறுந்த மைய இழைகள் முதல் சில நாள்களில் முளைவிட முயல்வதையும், பிறகு முனை உருண்டு வீங்கி நின்றுவிடுவதையும் படமாக வரைந்தார். வளர்ந்த உயிரின் மூளையில் எதுவும் அழியலாம், எதுவும் மீண்டும் உருவாகாது என்ற அவரது கடுமையான கூற்றைப் பலர் அறிவார்கள். அவருடைய மாணவர் பிரான்சிஸ்கோ தெல்லோ 1911இல் செய்த சோதனையை அறிந்தவர்கள் குறைவு. முயலின் மூளைக்குள் ஒரு துண்டுப் புற நரம்பை அவர் ஒட்டவைத்தபோது, மூளை இழைகள் அதற்குள் வளர்ந்து நுழைந்தன. குறை இழையில் மட்டும் இல்லை, அது இருக்கும் சூழலிலும் இருக்கிறது என்பதற்கு அப்போதே கிடைத்த தடயம் அது. ஆனால் அந்தத் தடயம் எழுபது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1980, 1981 ஆண்டுகளில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. சாமுவேல் டேவிட்டும் அகுவாயோவும் எலியின் மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே புற நரம்புத் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்தார்கள். வளரவே மாட்டா என்று கருதப்பட்ட மைய இழைகள் அதற்குள் சுமார் 3 செ.மீ. வளர்ந்தன. பாலத்தின் மறுமுனையில் மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டன. இத்துறையின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு சோதனைக்குள் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம்.

சூழலில் அப்படி என்ன தடை இருக்கிறது?

முதலில் பிடிபட்டது மயலின். புற நரம்பில் ஷ்வான் செல் தரும் மயலின் உறையை, மைய மண்டலத்தில் ஒலிகோடென்ட்ரோசைட் தருகிறது. 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மார்ட்டின் ஷ்வாப், மைய மயலினில் வளர்ச்சியை நிறுத்தும் புரதங்கள் இருப்பதைக் காட்டினார். அவற்றை முடக்கும் எதிர்ப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது இழைகள் காயத்தைத் தாண்டி வளர்ந்ததாக 1990இல் அவரும் லிசா ஷ்னெல்லும் அறிவித்தார்கள். அந்தப் புரதத்தின் மரபணு 2000ஆம் ஆண்டில் மூன்று குழுக்களால் ஒரே நேரத்தில் அடையாளம் காணப்பட்டு ‘நோகோ’ என்று பெயர் பெற்றது. இதுவும் இதையொத்த புரதங்களும் இழையின் வளர்முனையில் உள்ள ஏற்பிகளில் ஒட்டி, உள்ளே ரோ என்னும் நொதியைத் தூண்டி, முனையின் சட்டகத்தைச் சுருங்கவைக்கின்றன.

மைய மண்டலத்தில் துப்புரவு மந்தமாக நடப்பது இந்தத் தடையை இன்னும் கூட்டுகிறது. புற நரம்பில் வாரங்களில் அகலும் மயலின் குப்பை, மனிதத் தண்டுவடத்தில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தேங்கிக் கிடக்கிறது.

நோகோவை நீக்கினால் நரம்பு வளர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு, அந்த மரபணு இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது தளர்ந்தது. 2003இல் மூன்று ஆய்வகங்கள் அவ்வகை எலிகளில் சோதித்து மூன்று விதமான விடைகளைப் பெற்றன: ஒன்றில் நல்ல வளர்ச்சி, ஒன்றில் சிறிதளவு, ஒன்றில் எதுவுமில்லை. மனிதர்களில் நோகோ எதிர்ப்பொருளைக் கழுத்துத் தண்டுவடக் காயத்துக்குக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2024 இறுதியில் வெளியானது. மொத்தத்தில் கை வலிமையில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை; காயம் முழுமையாக இல்லாதவர்களிடம் மட்டும் ஓரளவு பயன் தென்பட்டது. மேலும் ஆராயத் தூண்டும் முடிவுதான். ஆயினும் மருந்து கிடைத்துவிட்டது என்று சொல்ல அது போதாது.

காயத்தின் வடுவே நரம்பை மறிக்கிறது என்கிறார்களே?

நெடுங்காலம் அப்படியே கற்பிக்கப்பட்டது. காயத்தைச் சுற்றி, நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் நெருக்கமாகப் பின்னி ஒரு மதிலை எழுப்புகின்றன. நடுவில் இணைப்புத்திசுச் செல்கள் புகுந்து கொலாஜனை நிரப்புகின்றன. இந்தப் பகுதியில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் சங்கிலிகளைத் தாங்கிய பெரும் மூலக்கூறுகள் குவிந்து இழையை நிறுத்துகின்றன. 2002இல் லண்டனில் எலிசபெத் பிராட்பரியின் குழு, பாக்டீரியாவிலிருந்து பெற்ற காண்ட்ராய்டினேஸ் என்ற நொதியால் அந்தச் சங்கிலிகளை வெட்டியபோது எலிகளில் இழை வளர்ச்சியும் செயல்திறனும் மேம்பட்டன.

அப்படியானால் வடுவையே அகற்றிவிடலாமே என்று தோன்றும். 2016இல் மைக்கேல் சோஃப்ரோனியூவின் குழு, ஆஸ்ட்ரோசைட் வடு உருவாகாதபடி மாற்றப்பட்ட எலிகளை ஆராய்ந்தது. இழைகள் வளரவில்லை, வடு இருந்த எலிகளிலோ, தகுந்த வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தபோது இழைகள் வடுவின் ஊடாகவே வளர்ந்தன. அழற்சி பரவாமல் காயத்தை ஒரு வட்டத்துக்குள் அடக்குவதும் அந்த வடுவே. ஆகவே வடுவைத் தீமை என்று மட்டும் எழுதும் கட்டுரைகளை இன்று சற்று ஒதுக்கி வைப்பது நல்லது. தடுக்கும் கூறும் காக்கும் கூறும் அதில் கலந்தே இருக்கின்றன.

சூழலை முழுக்கச் சீராக்கினால் இழை தானாக வளர்ந்துவிடாதா?

வளராது என்பதே கடந்த இருபது ஆண்டுகளின் முக்கியமான பாடம். கருவில் இருக்கும்போது ஒவ்வொரு நரம்பணுவும் விரைந்து இழை நீட்டுகிறது. இலக்கை அடைந்து இணைப்பு ஏற்பட்டதும் வளர்ச்சிக்கான மரபணுக்கள் அடங்கி, செய்தி கடத்துவதற்கான மரபணுக்கள் மேலோங்குகின்றன. மைய நரம்பணு அதன்பின் அறுபட்டாலும் அந்த இளமை நிலைக்கு எளிதில் திரும்புவதில்லை.

இதற்கு அழகான சான்று, தண்டுவடத்தை ஒட்டி வெளியே அமைந்த முதுகுவேர் முடிச்சில் உள்ள உணர்வு நரம்பணு. அதன் ஒரே இழை இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளை தோலை நோக்கிப் புறத்திலும் மற்றொன்று தண்டுவடத்துக்குள்ளும் செல்கிறது. தண்டுவடத்துக்குள் இருக்கும் கிளை மட்டும் அறுந்தால் அது வளர்வதில்லை. ஆனால் முதலில் புறக்கிளையை அறுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்டுவடக் கிளையை அறுத்தால், அதே தடைகள் நிறைந்த அதே இடத்தில் இழை வளர்ந்து காயத்துக்குள் நுழைகிறது. புறக்காயம் அணுவுடலை வளர்ச்சி நிலைக்கு மாற்றிவிட்டது; மாறிய செல்லுக்கு மயலினும் வடுவும் முன்போல் பெரிய தடையாக இல்லை.

வேறொரு திசையிலிருந்தும் இதே உண்மை தெரிகிறது. 2012இல் சான் டியேகோவில் மார்க் துஷின்ஸ்கியின் குழு, முற்றிலும் அறுக்கப்பட்ட எலித் தண்டுவடத்தில் கருநிலை நரம்புச் செல்களைப் பதித்தது. வளர்ந்த எலியின் மயலினும் தடைகளும் சூழ்ந்திருக்க, அவற்றின் இழைகள் 2 செ.மீ.க்கு மேல் ஓடின.

அந்த இளமையைத் திருப்பித்தரும் பொத்தான் எது என்ற தேடலில், பாஸ்டனில் ஷிகாங் ஹேயின் ஆய்வகம் 2008இல் பிடென் என்ற மரபணுவைப் பார்வை நரம்பணுக்களிலிருந்து நீக்கியது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் அந்த மரபணு இல்லாதபோது, செல்லின் புரத உற்பத்தியைத் தூண்டும் எம்டார் பாதை திறந்து, பல செல்கள் பிழைத்ததோடு இழைகளும் வளர்ந்தன. 2010இல் தண்டுவடத்திலும் அவ்வாறே காட்டப்பட்டது. ஆனால் பிடென் நம் உடலைப் புற்றுநோயிலிருந்து காக்கும் மரபணுக்களில் தலையாயது. அதை மனிதரில் நிரந்தரமாக நீக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வளர்ச்சியைத் தூண்டுவதும் கட்டியைத் தூண்டுவதும் இவ்வளவு அருகருகே இருப்பது இத்துறை எதிர்கொள்ளும் பெரிய தயக்கங்களில் ஒன்று.

இழை வளர்ந்துவிட்டால் கைகால் இயங்கிவிடுமா?

வளர்வது பாதி வேலைதான். இழை சரியான இலக்கைத் தேடி அடைய வேண்டும். அங்கே உள்ள செல்லோடு இணைப்பு உண்டாக்க வேண்டும். புதிய இழைக்கு மயலின் உறை கிடைக்க வேண்டும். கருவில் தூரம் மில்லிமீட்டர்களில் இருந்தது, வழிகாட்டும் வேதிக்குறிகள் உரிய நேரத்தில் உரிய இடத்தில் இருந்தன. வளர்ந்த உடலில் தூரம் பல மடங்கு பெருகியிருக்க, அந்தக் குறிகள் பெரும்பாலும் மறைந்திருக்கின்றன.

2016இல் எலியின் பார்வை நரம்பில் இழைகள் மூளைவரை மீண்டும் வளர்ந்து இணைப்பையும் உண்டாக்கின. ஆயினும் எலிக்குப் பார்வை திரும்பவில்லை. மயலின் இல்லாததால் செய்தி வழியிலேயே தேய்ந்துபோயிற்று. இழையின் சுவரில் உள்ள பொட்டாசியம் வாயில்களை அடைக்கும் ஒரு மருந்தால் கடத்தலைச் சீர்செய்த பிறகே ஓரளவு பார்வை தென்பட்டது. 2023இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரெகுவார் கூர்தீனும் லாஸ் ஏஞ்சலிஸில் சோஃப்ரோனியூவும் இணைந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. தண்டுவடம் முழுமையாகச் சேதமான எலிகளில் இழைகள் காயத்தைத் தாண்டி வளர்ந்தபோதும் நடை திரும்பவில்லை. நடைக்கு உரிய குறிப்பிட்ட நரம்பணுக்களைத் தேர்ந்து, அவற்றின் இயல்பான இலக்குப் பகுதிக்கு இழைகளை ஈர்த்தபோது எலிகள் நடந்தன.

தவறான இடத்தில் வளர்வது பயனற்றுப் போவதோடு நில்லாமல் தீங்கும் தரலாம். எலிகளின் தண்டுவடத்தில், வேறு வகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களைப் பதித்த ஓர் ஆய்வில், வலியிழைகள் தாறுமாறாகக் கிளைத்து, மெல்லத் தொட்டாலே வலிக்கும் நிலை முன்னங்கால்களில் ஏற்பட்டது. வளர்ந்த மூளை தன் இழைகளைக் கட்டிவைத்திருப்பதற்கே இப்படிப்பட்ட குழப்பம் நேராமல் காப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அது ஊகமே ஆனாலும், பொருந்துகிற ஊகம்.

மீனுக்கும் பல்லிவடிவ நீர்வாழ் உயிர்களுக்கும் மட்டும் எப்படி இது முடிகிறது?

வரிமீன் எனப்படும் ஜீப்ராமீனின் தண்டுவடத்தை அறுத்தால், ஆறு முதல் எட்டு வாரங்களில் அது மீண்டும் நீந்துகிறது. நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் அதன் கிளியா செல்கள் வடுவாக இறுகாமல் வெட்டின் இரு முனைகளையும் இணைக்கும் பாலமாக நீள்கின்றன. சாலமாண்டருக்கும் இத்திறன் உண்டு. பாலூட்டிகளும் இதை முற்றிலும் அறியாதவை அல்ல: பிறந்து இரண்டு நாளான சுண்டெலியின் தண்டுவடம் வடுவின்றி ஆறி, இழைகள் அதனூடே வளர்வதை 2020இல் காட்டினார்கள், அதற்கு மைய மண்டலத்தின் காவல் செல்களான மைக்ரோகிளியா துணைநிற்கின்றன. சில நாள்கள் கழிந்ததும் அந்தத் திறன் போய்விடுகிறது.

அப்படியென்றால் சிலர் பக்கவாதத்திலிருந்தும் தண்டுவடக் காயத்திலிருந்தும் தேறி நடப்பது எப்படி?

அவர்களில் நடப்பது பெரும்பாலும் அறுந்த இழையின் மறுவளர்ச்சி அன்று. முதலில், அதிர்ச்சியால் செயலடங்கிய பகுதிகள் வீக்கம் வடிந்ததும் விழித்துக்கொள்கின்றன. அடுத்து, அறுபடாத இழைகள் புதிய கிளைகள் விட்டு, இடையில் உள்ள சிறு நரம்பணுக்களின் வழியே சுற்றுப்பாதை அமைக்கின்றன. 2004இல் எலிகளில் இப்படிப்பட்ட சுற்றுப்பாதை சில வாரங்களில் உருவாவது காட்டப்பட்டது. மூன்றாவதாக, மூளையின் அருகிலுள்ள பகுதிகள் இழந்த பகுதியின் வேலையில் ஒரு பங்கை ஏற்கின்றன. பூனைகளில் பத்தில் ஒரு பங்கு இழைகள் எஞ்சினாலே நடை ஓரளவு காப்பாற்றப்படுவது முன்பே அறியப்பட்டிருந்தது. காயம் முழுமையானதா, ஆசனவாய்ப் பகுதியிலாவது உணர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சோதிப்பது இதனால்தான்: சிறிதளவு எஞ்சியிருந்தாலும் எதிர்காலம் வேறு.

இந்த வகைத் தேர்ச்சிக்குத் தூண்டுகோல் பயிற்சி. முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் மிகுதி. அதன்பின் மெதுவாகத் தொடரும். நரம்பு வளர்வதற்காக வாழ்க்கை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு வேலூரே சான்று. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீஸ், 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் எழுந்தது.

முதுகில் மின்தூண்டல் கொடுத்து நடக்க வைக்கிறார்களே, அது நரம்பு வளர்ச்சியா?

அடிப்படையில் அன்று. இடுப்பளவுத் தண்டுவடத்தில் நடையை ஒழுங்குபடுத்தும் நரம்பு வலை காயத்துக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளை மட்டும் நலிந்திருக்கிறது. மின்தூண்டல் அந்த வலையின் விழிப்பை உயர்த்தி, எஞ்சிய சில இழைகளின் மெல்லிய செய்தியையும் பயன்படச் செய்கிறது. 2011இல் அமெரிக்காவின் லூயிவில் நகரிலும், 2018இல் லோசான் நகரிலும் வந்த முடிவுகள் இவ்வழியைப் புகழ்பெறச் செய்தன. கழுத்தின் தோல்மேல் வைத்துத் தூண்டும் கருவியை 60 பேரிடம் சோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. அவர்களில் 72 விழுக்காட்டினருக்குக் கையின் வலிமையும் செயல்பாடும் மேம்பட்டன. இன்று நோயாளியின் கைக்கு வந்துசேரும் தூரத்தில் உள்ளவற்றில் இதுவே எனக்கு நம்பத்தக்கதாகத் தெரிகிறது.

ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பல இலட்சம் கேட்கிறார்கள். செய்யலாமா?

தண்டுவடக் காயத்துக்கோ மூளைக் காயத்துக்கோ ஸ்டெம் செல் சிகிச்சை இந்தியாவில் ஏற்கப்பட்ட மருத்துவம் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு ஸ்டெம் செல்களை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை தவிர மற்றவை அனுமதி பெற்ற ஆய்வுகளுக்குள் மட்டுமே நடக்கலாம். கட்டணம் கேட்கும் இடம், ஆய்வுப் பதிவு எண் எது என்ற கேள்விக்கு நேராக விடை தராவிட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே மேல்.

தீங்கு வராது, செய்துதான் பார்க்கலாமே என்ற வாதமும் நிற்காது. மூக்கின் உட்திசுவைத் தண்டுவடத்தில் பதித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு ஆண்டுகள் கழித்து முதுகுவலி வந்து பார்த்தபோது அங்கே சளி சுரக்கும் திசுக்கட்டி வளர்ந்திருந்தது 2014இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் முதிர்ந்த செல்களை ஸ்டெம் செல் நிலைக்கு மறுநிரலாக்கி அவற்றிலிருந்து உருவாக்கிய செல்களை நான்கு நோயாளிகளுக்கு மட்டும் பதித்து, 2025இல் இருவரிடம் முன்னேற்றம் கண்டதாக அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத, பாதுகாப்பை அறிவதற்கான முதற்கட்டச் சோதனை அது.

காயம்பட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு வருங்கால மருத்துவம் பயன்படுமா?

அறுபட்ட நரம்பணு பல ஆண்டுகள் சுருங்கிய நிலையில் உயிரோடு இருக்கக்கூடும். எலிகளில் காயம்பட்டு ஓராண்டு கழித்து, அணுவுடலுக்கருகே வளர்ச்சிக் காரணி ஒன்றைச் செலுத்தியபோது சுருங்கிய செல்கள் மீண்டும் பருத்து, புற நரம்பு ஒட்டுக்குள் இழை நீட்டின. ஆகவே காலம் கடந்துவிட்டதால் வாயில் அடைந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் முதிர்ந்த வடு, நடுவே வெற்றிடம், மெலிந்த தசை ஆகியவற்றால் பணி கூடுதலாகிறது. எதிர்காலச் சிகிச்சை எதுவாயினும் அதை ஏற்கும் நிலையில் உடல் இருக்க வேண்டும்: மூட்டுகள் இறுகாமல் நாள்தோறும் அசைத்துவிடுவது, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கைப்புண் வராமல் காப்பது, சிறுநீர்ப்பையை முறையாகக் காலிசெய்து சிறுநீரகத்தைக் காப்பது, எலும்பு வலுவிழக்காமல் பார்த்துக்கொள்வது. புண்ணோ தொற்றோ உள்ளவர்களை மருந்தாய்வுகளில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை.